சுவருக்குள் ஓடும் குழாய்: பூசும் முன் எண்ணிப் பாருங்கள்

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்குச் சொந்தமாக ஓர் அறை என்பது ஒரு தலைமுறையின் உழைப்பு. தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ பல வருடம் வாடகைக்கு இருந்து, கணவனும் மனைவியும் சீட்டுப் போட்டு, பிராவிடண்ட் பண்டிலிருந்து கடன் எடுத்து, கடைசியில் கல்யாண் பக்கமோ டோம்பிவிலி பக்கமோ ஒரு ‘ஒன் ரூம் கிச்சன்’ வாங்குகிறார்கள். வாங்கும்போது என்னென்ன பார்க்கிறோம்? தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், ஸ்டேஷன் எத்தனை நிமிஷ நடை, சுவரில் ஈரம் இறங்கியிருக்கிறதா, தரைக் கல் நல்ல கல்லா என்று தட்டித் தட்டிப் பார்க்கிறோம்.

சுவருக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது. அத்தோடு திருப்தி அடைந்துவிடுகிறோம். ஆனால் அந்தச் சுவருக்குள்தான் மின்சாரக் கம்பிகள் ஒரு குழாய்க்குள் அடைபட்டு, இரவு பகலாக வேலை செய்து கொண்டிருக்கின்றன. அந்தக் குழாய் சரியாக இருந்தால் முப்பது வருடம் நிம்மதி. தவறாக இருந்தால், குடும்பம் தூங்கும் நேரத்தில் சுவருக்குள்ளேயே புகைய ஆரம்பிக்கும்.

இந்தக் குழாயை எப்படிப் பதிக்க வேண்டும், அதற்குள் எத்தனை வயர் போகலாம் என்பதற்கெல்லாம் நம் நாட்டில் எழுதி வைத்த விதிகள் உண்டு. அவை என்ஜினீயர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் புரிந்துகொள்ளக் கூடியவைதான்.

விதிகள் எங்கே இருக்கின்றன?

வெகு காலம் நம் நாட்டில் மின்சாரப் பாதுகாப்புக்கு அடிப்படையாக இருந்தது 1956-ம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள். அவற்றின் இடத்தில் 2010-ல் மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் வந்தன. அவையும் திருத்தி எழுதப்பட்டு 2023-ல் புதிதாக வெளியாகின. இவை சட்டம்.

வேலையை எப்படிச் செய்வது என்று விவரமாகச் சொல்வது இந்தியத் தர நிர்ணய அமைவனம். 1987 வரை ஐ.எஸ்.ஐ. என்று நாம் அறிந்திருந்த நிறுவனமே பிறகு இந்தப் பெயருக்கு மாறியது. வீட்டு வயரிங்குக்கு அது வெளியிட்ட நூல் ஐ.எஸ். 732, இது 1989-லும் 2019-லும் திருத்தப்பட்டது. இதோடு தேசிய மின் விதித்தொகுப்பு என்ற பெரிய நூலும் 1985-ல் வந்து, 2011-லும் 2023-லும் புதுப்பிக்கப்பட்டது. அரசுக் கட்டடங்களைக் கட்டும் மத்தியப் பொதுப்பணித் துறை தன் வேலைகளுக்கென்று தனியாக ஒரு விதிப் புத்தகம் வைத்திருக்கிறது. அனுபவமுள்ள வயர்மேன்கள் வாய்ப்பாடாகச் சொல்லும் பல கணக்குகள் அதில் உள்ளவைதான்.

இன்னொரு விஷயத்தையும் நினைவில் வைக்க வேண்டும். மும்பைத் தீவுப் பகுதியில் ‘பெஸ்ட்’ ஆகட்டும், புறநகரில் தனியார் நிறுவனங்கள் ஆகட்டும், கல்யாண், டோம்பிவிலி பக்கம் ‘மகாவிதரண்’ ஆகட்டும், மின்சாரம் தருபவர்களின் பொறுப்பு மீட்டரோடு முடிந்துவிடுகிறது. மீட்டருக்கு இப்பால் உள்ள ஒவ்வொரு அங்குலக் கம்பியும் வீட்டுக்காரர் பொறுப்பு. அந்த வேலையை மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலமாகவே செய்ய வேண்டும் என்பதும் 1956-ம் ஆண்டிலிருந்து விதியாக இருந்து வருகிறது.

குழாய் எதற்கு?

பழைய மும்பைச் சால்களில் குடியிருந்தவர்கள் மூன்று வகை வயரிங்கைப் பார்த்திருப்பார்கள். முதலாவது மரத்தாலான கேசிங்-கேப்பிங். பள்ளம் தோண்டிய மரச் சட்டத்தில் கம்பியை வைத்து மேலே ஒரு பட்டையால் மூடுவது. அடுத்தது தேக்கு ரீப்பரைச் சுவரில் அடித்து, அதன்மேல் வயரைத் தகரக் கிளிப்பால் வரிசையாகப் பிடிப்பது. மூன்றாவது கண்டியூட் குழாய். முதலில் இரும்பில் வந்தது, பிறகு பி.வி.சி. பிளாஸ்டிக்கில்.

குழாய் வந்ததற்கு அழகு மட்டும் காரணமல்ல. இரண்டு முக்கியக் காரணங்கள் உண்டு. முதலாவது, பாதுகாப்பு. எலி கடிக்காது, ஆணி அடித்தால் நேரே கம்பியில் படாது, சுண்ணாம்பும் சிமெண்டும் வயரின் மேலுறையை அரிக்காது. இரண்டாவது, மாற்றும் வசதி. இருபது, முப்பது வருடம் கழித்து வயர் பழையதாகிவிட்டால், சுவரை உடைக்காமல் பழையதை உருவி, புதியதைக் கோத்து இழுத்துவிடலாம்.

இந்த இரண்டாவது காரணத்தை மறந்ததால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. குழாயில் வயர் தாராளமாக நகர வேண்டும். உருவினால் வர வேண்டும். வராத அளவுக்கு இறுக்கமாக அடைத்துவிட்டால், அது குழாயாக இருந்தும் பயனில்லை. குழாயே இல்லாமல், சுவரில் காடி வெட்டி வயரை அப்படியே வைத்துப் பூசிவிடுகிறவர்களும் உண்டு. அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்படிச் செய்வது எந்த விதிக்கும் பொருந்தாது.

எத்தனை வயர் போகலாம்?

நம் ஊர் வயர்மேன் ஒருவர், “அண்ணாச்சி, குழாயில இன்னும் இடமிருக்கு, கெய்சருக்கும் இதுலயே ரெண்டு வயரைத் தள்ளிவிட்டுடலாம்” என்று சொன்னால், காசு மிச்சம் என்று நாமும் தலையாட்டிவிடுவோம். விதி அதை ஒப்புக்கொள்வதில்லை. குழாயின் உள்ளே உள்ள இடத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வயர் நிரப்பக் கூடாது என்பதே அடிப்படைக் கணக்கு. மீதி 60 சதவீதம் காலியாகத் தெரியும் இடம் வீண் இடமல்ல. வெப்பம் வெளியேறவும், வயரை இழுக்கவும் அதுதான் வழி.

ஒவ்வொரு முறையும் இதைக் கணக்குப் போட்டுக் கொண்டிருக்க முடியாது அல்லவா? அதற்காகத்தான் மத்தியப் பொதுப்பணித் துறை ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறது. அதில் நம் வீடுகளுக்கு வேண்டிய பகுதி இதுதான்:

20 மி.மீ. குழாயில், ஒன்றரை சதுர மி.மீ. வயர் என்றால் நேரான ஓட்டத்தில் 5, வளைவு இருந்தால் 4.
அதே குழாயில், இரண்டரை சதுர மி.மீ. வயர் நேராக 5, வளைவு இருந்தால் 3.
அதே குழாயில், 4 சதுர மி.மீ. வயர் நேராக 3, வளைவு இருந்தால் 2.
25 மி.மீ. குழாயில், ஒன்றரை சதுர மி.மீ. வயர் நேராக 10, வளைவு இருந்தால் 8.
அதே குழாயில், இரண்டரை சதுர மி.மீ. வயர் நேராக 8, வளைவு இருந்தால் 6.
அதே குழாயில், 4 சதுர மி.மீ. வயர் நேராக 6, வளைவு இருந்தால் 5.

‘நேரான ஓட்டம்’ என்றால் ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையே தூரம் 4.25 மீட்டருக்கு மேற்படாமலும், குழாய் 15 பாகைக்கு மேல் திரும்பாமலும் இருக்க வேண்டும். நம் வீடுகளில் கூரையிலிருந்து சுவருக்கு இறங்கும் இடத்திலேயே ஒரு வளைவு வந்துவிடுகிறது. ஆகையால் சிறிய எண்ணிக்கையையே கணக்கில் கொள்வது நல்லது. எர்த் வயரும் இடத்தை அடைக்கும் என்பதால் அதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இப்போது கெய்சர் விஷயத்துக்கு வருவோம். அதற்கு 4 சதுர மி.மீ. வயரில் ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்று வயர் வேண்டும். வளைவுள்ள 20 மி.மீ. குழாயில் இரண்டுதான் போகலாம். எனவே கெய்சருக்குத் தனியாக 25 மி.மீ. குழாய் போட்டே ஆக வேண்டும். விளக்கு வயர் ஓடும் பழைய குழாயில் ‘தள்ளிவிடுவது’ எவ்வளவு தவறு என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

குழாய் வாங்கும்போது 20 மி.மீ. என்பது வெளிவிட்டம் என்பதையும் கவனிக்க வேண்டும். உள்ளே கிடைக்கும் இடம் அதைவிடக் குறைவு. லைட், மீடியம், ஹெவி என்று மூன்று தரத்தில் குழாய் வருகிறது. கான்கிரீட் தளத்துக்குள் வைக்கும் இடத்தில் லைட் குழாயைப் போட்டால், வேலையாட்கள் மிதித்து நடக்கும்போதே அது நசுங்கிவிடும். பிறகு வயர் இழுக்கும் நாளில்தான் தெரியவரும்.

வெப்பம் என்ற திருடன்

இந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடு எதற்கு என்று கேட்கலாம். மின்சாரம் ஓடும் எந்தக் கம்பியும் கொஞ்சம் சூடாகிறது. ஒன்றரை சதுர மி.மீ. செப்புக் கம்பியின் தடை ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 12 ஓம். அதில் 10 ஆம்பியர் ஓடினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறக்குறைய 1.2 வாட் வெப்பம் பிறக்கிறது. போகும் கம்பி ஒன்று, திரும்பும் கம்பி ஒன்று, ஆக 2.4 வாட். இது பெரிதல்ல.

ஆனால் ஆம்பியர் இரண்டு மடங்கானால் வெப்பம் இரண்டு மடங்காவதில்லை; நான்கு மடங்காகிறது. அதே கம்பியில் 20 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்கு 4.8 வாட், இரண்டு கம்பிக்கும் சேர்த்து ஏறத்தாழ 9.7 வாட். அதே குழாயில் இப்படி இன்னும் இரண்டு ஜோடிக் கம்பிகள் இருந்தால், அந்தச் சூடெல்லாம் சிமெண்டுக்குள் அடைபட்ட ஒரு சிறிய குழாயில் தேங்கும். வெளியே போக வழி இல்லை.

நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் பி.வி.சி. வயரின் மேலுறை தாங்கும் வெப்ப எல்லை 70 டிகிரி. அதற்கு மேல் அடிக்கடி சூடேறினால் மேலுறை மெல்ல மெல்ல விறைத்து, வெடிப்பு விட்டு, ஒரு நாள் உள்ளே இருக்கும் செம்பு வெளியே தெரியும். அன்றைக்கு ஃபேஸும் நியூட்ரலும் உரசிக்கொண்டால் தீப்பொறிதான். இது ஒரே நாளில் நடப்பதில்லை. நான்கு வருடமாக நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது என்று பிறகு சொல்வதில் பயனில்லை.

இதனால்தான் ஒரே குழாயில் இரண்டு சர்க்யூட் ஓடினால் ஒவ்வொரு வயரும் தன் சக்தியில் 80 சதவீதத்தையும், மூன்று சர்க்யூட் ஓடினால் 70 சதவீதத்தையும் மட்டுமே சுமக்கலாம் என்று விதி சொல்கிறது. தகரக் கூரைக்கு நேர் கீழே ஓடும் குழாய்க்கு, சித்திரை வைகாசி வெயிலில், இதையும்விடக் குறைத்தே கணக்கிட வேண்டும்.

வளைவும் பெட்டியும்

குழாய் வளையும் இடத்தில்தான் வயருக்கு ஆபத்து அதிகம். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நான்கு செங்கோண வளைவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. வளைவும் சுருக்கென்று மடங்கக் கூடாது. அதன் ஆரம் 7.5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பி.வி.சி. குழாயை அடுப்பில் வாட்டி மடக்கினால் வளைவில் சப்பையாகிவிடும். உள்ளே ஸ்பிரிங்கை விட்டு வளைப்பதே முறை. முடியாவிட்டால், கடையில் விற்கும் நீள ‘பெண்ட்’டை வாங்கிப் பொருத்தலாம்.

முதலில் குழாய் முழுவதையும் பதித்து, இணைப்புகளைப் பசையால் ஒட்டி, பெட்டிகளையெல்லாம் பொருத்தி முடித்த பிறகுதான் வயர் இழுக்க வேண்டும். ஒரு குழாயில் போக வேண்டிய எல்லா வயர்களையும் ஒன்றாகக் கட்டி ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். ஏற்கெனவே வயர் இருக்கும் குழாயில் பிறகு இன்னொன்றைத் திணித்தால், புதியது பழையதன் மேலுறையைச் சீவிக்கொண்டே போகும். பூச்சு வேலை நடக்கும்போது குழாயின் வாயை அடைத்து வைக்காவிட்டால் கலவை உள்ளே போய் இறுகிவிடும். பிறகு அந்தக் குழாயை மறந்துவிட வேண்டியதுதான்.

குழாய்க்குள் வயரை ஒட்டுப் போடவே கூடாது. இந்த விதியில் சலுகையே இல்லை. ஒட்டு என்பது ஜங்ஷன் பெட்டியிலோ சுவிட்ச் போர்டிலோ, கையால் எட்டிப் பார்க்கக்கூடிய இடத்தில், கனெக்டர் வைத்துத்தான் இருக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றிய ஒட்டைக் குழாய்க்குள் தள்ளிவிட்டால், அந்த இடம் தளர்ந்து, சூடாகி, கருகும். எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதேபோல, ஜங்ஷன் பெட்டியின் மேல் பூசி மறைத்துவிடுவதும் தவறு. மூடி திறக்கும்படி வெளியே தெரிய வேண்டும்.

சுவரின் வெளிப்புறமாகக் குழாய் ஓடினால் அதைச் சாடில் வைத்துப் பிடிக்க வேண்டும். பி.வி.சி. குழாய்க்கு 60 சென்டிமீட்டருக்கு ஒரு சாடில் தேவை. சால்களில் வராந்தாச் சுவரில் ஓடும் குழாயில், மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்து தேங்காதபடி சரிவு விட்டிருக்க வேண்டும். மும்பையின் மழை எப்படிப்பட்டது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் சாந்தாகுருஸில் 944 மி.மீ. கொட்டியதை மறக்க முடியுமா?

எது எதோடு சேரலாம்?

குழாயில் இடம் இருக்கிறது என்பதற்காக எல்லா வயரையும் ஒன்றாக விட்டுவிட முடியாது. விளக்கு, மின்விசிறி வயரும், கெய்சர், ஏ.சி. போன்ற பவர் வயரும் தனித்தனிக் குழாயில் போக வேண்டும். இரண்டு வேறு வேறு ஃபேஸிலிருந்து வரும் வயர்களையும் ஒரே குழாயில் விடக் கூடாது. ஒரு வரியை அணைத்துவிட்டு வேலை செய்பவருக்கு, பக்கத்தில் உயிரோடு இருக்கும் மற்ற வரி எமனாகிவிடும். டெலிபோன், டி.வி., இண்டர்நெட் கேபிள்களையும் மின்சாரக் குழாயில் சேர்க்கக் கூடாது.

ஆனால் ஒரே சர்க்யூட்டின் ஃபேஸும் நியூட்ரலும் பிரியக் கூடாது. இரும்புக் குழாயில் ஃபேஸை ஒன்றிலும் நியூட்ரலை வேறொன்றிலும் விட்டால், காந்த விளைவால் குழாயே சூடாகும். எர்த் வயரும் அதே குழாயில் கூடவே வர வேண்டும். தண்ணீர்க் குழாயையோ கேஸ் குழாயையோ எர்த்தாகப் பயன்படுத்துவது விதிக்கும் விரோதம், அறிவுக்கும் விரோதம்.

நிறம் தவறக் கூடாது. ஃபேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. கையில் கிடைத்த நிறத்தை இழுத்துவிட்டால், பின்னால் வரும் வயர்மேன் எர்த் என்று நம்பித் தொடும் பச்சை வயரில் மின்சாரம் இருக்கும். சுவிட்ச் எப்போதும் ஃபேஸில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் சுவிட்ச் வைத்தால் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

ஒரு விளக்கு சர்க்யூட்டில் மொத்தம் 10 பாயிண்ட், அல்லது 800 வாட், இவற்றில் எது குறைவோ அதுவே எல்லை. 16 ஆம்பியர் பவர் பிளக் என்றால் ஒரு சர்க்யூட்டுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம்.

வயர் வாங்கும்போது

மும்பையில் மின்சாரச் சாமான் என்றால் கிராபர்ட் மார்க்கெட் பக்கத்து லோஹார் சால்தான் நினைவுக்கு வரும். அங்கே எல்லாத் தரமும் கிடைக்கும் என்பதால் கேட்டு வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். விளக்குக்கு ஒன்றரை சதுர மி.மீ., பவருக்கு 4 சதுர மி.மீ. செப்பு வயர் என்பது பொதுப்பணித் துறை வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு.

பழைய வயர்மேன்கள் இன்னும் ‘3/22’, ‘3/20’ என்று கேட்பார்கள். 22-ம் நம்பர் கம்பி மூன்று இழை என்பது அதன் பொருள். கணக்கிட்டால் 3/22 என்பது 1.2 சதுர மி.மீ.தான், ஒன்றரை அல்ல. 3/20 ஏறக்குறைய 2 சதுர மி.மீ.; இரண்டரை அல்ல. ஆகையால் சதுர மில்லிமீட்டர் சொல்லியே கேளுங்கள்.

வயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும் என்பது 2003-ம் ஆண்டின் அரசு ஆணைப்படி கட்டாயம். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 694 என்ற எண்ணும், கீழே ‘சி.எம்./எல்.’ என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த எண் உண்மையா என்று தர அமைவனத்தின் செல்போன் செயலியில் சரிபார்த்துக் கொள்ளலாம். எளிதில் தீப்பற்றாத, பற்றினாலும் குறைந்த புகை விடும் ‘எப்.ஆர்.எல்.எஸ்.’ வயர் சிறிய அறைகளுக்கு நல்லது. தீ விபத்தில் மனிதனை முதலில் மயக்குவது புகைதான்.

1960, 70-களில் செப்புத் தட்டுப்பாட்டால் பல கட்டடங்களில் அலுமினிய வயர் போட்டார்கள். பழைய கட்டடத்தில் அறை வாங்குகிறவர்கள் இதை விசாரிக்க வேண்டும். அலுமினியத்தையும் செம்பையும் நேரே முறுக்கிய ஒட்டு நாளடைவில் அரித்துத் தளர்ந்துவிடும்.

எம்.சி.பி. யாருக்குக் காவல்?

எம்.சி.பி. டி.வி.யையும் பிரிட்ஜையும் காப்பாற்றுகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது காப்பாற்றுவது சுவருக்குள் இருக்கும் வயரை. ஒன்றரை சதுர மி.மீ. வயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர், இரண்டரைக்கு 16, நான்குக்கு 20 என்று வைப்பது பாதுகாப்பான பழக்கம். அடிக்கடி விழுகிறதே என்று 10 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 ஆம்பியரை மாட்டினால் என்ன ஆகும்? எம்.சி.பி. விழாது, வயர் எரியும். விழுந்துகொண்டே இருக்கும் எம்.சி.பி. தொந்தரவு தருவதாக எண்ண வேண்டாம், எச்சரிக்கை தருகிறது. அந்தக் காலத்தில் பியூஸில் தடித்த கம்பியைச் சுற்றியதும் இதே தவறுதான்.

இதோடு 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டிவிட்டால், ஈரக் கையோடு பிரிட்ஜைத் தொடும் பிள்ளைகளுக்கு அது பெரிய காவல்.

வாடகைக்கு இருப்பவர்கள்

நம்மில் பலருக்குச் சொந்த அறை இல்லை. 11 மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் சுவரை உடைக்க முடியாது. ஆனால் சில அறிகுறிகளைக் கவனிக்க முடியும். சுவிட்ச் போர்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதா? பிளக்கின் துளைகள் பழுப்பேறி இருக்கின்றனவா? மீன் நாற்றம்போலவோ பிளாஸ்டிக் கருகியதுபோலவோ வாடை வருகிறதா? பிரிட்ஜைத் தொட்டால் கையில் சுரீர் என்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுக்காரரிடம் சொல்லி, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். டெபாசிட் கொடுக்கும் முன்பே எம்.சி.பி. பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவது இன்னும் நல்லது.

இண்டக்‌ஷன் அடுப்பு, இன்ஸ்டண்ட் கெய்சர் போன்றவற்றை வாங்கினால், அவற்றை விளக்குப் போர்டிலுள்ள சிறிய பிளக்கில் மாட்டாதீர்கள். 2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட் கெய்சர் 13 ஆம்பியர் இழுக்கும். எம்.சி.பி. பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் கேசிங் பட்டையில் தனி வரி ஒன்று கொண்டுவரச் சொல்லி வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைக்கலாம். சுவரை உடைக்க வேண்டியதில்லை. காலி செய்யும்போதும் தகராறு வராது.

பூசும் முன்

சொந்த அறையில் புதிதாக வயரிங் செய்கிறவர்கள், கொத்தனார் பூச்சு ஆரம்பிப்பதற்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். விளக்குக்கும் பவருக்கும் குழாய் தனித்தனியா என்று பாருங்கள். வளைவுகளை எண்ணுங்கள். ஒவ்வொரு குழாயிலும் எத்தனை வயர் போகப்போகிறது என்று கேட்டு மேலே சொன்ன பட்டியலோடு ஒப்பிடுங்கள். குழாய்கள் ஓடும் பாதையைச் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அலமாரிக்கு ஆணி அடிக்கும்போது உதவும். நாளை ஏ.சி. வரலாம் என்று தோன்றினால் ஒரு குழாயைக் காலியாகவே பதித்து வையுங்கள்.

வேலை முடிந்ததும், மின்சாரம் கொடுக்கும் முன், 500 வோல்ட் மெக்கர் கருவியால் சோதனை செய்யச் சொல்லுங்கள். வயருக்கும் எர்த்துக்கும் இடையே 1 மெகோமுக்குக் குறையக் கூடாது. சோதனை அறிக்கையில் ஒப்பந்தக்காரர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

நம் ஆட்களே ஆயிரக்கணக்கில் இந்த நகரத்தில் வயர்மேன்களாக இருக்கிறார்கள். அவர்களில் திறமைசாலிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் “சீக்கிரம் முடி, குறைவாக முடி” என்று நாம் நெருக்கும்போது, முதலில் குறைவது கண்ணுக்குத் தெரியாத சுவருக்குள் இருக்கும் குழாய்தான். ஒரு குழாய் கூடுதலாகப் போட ஆகும் செலவு, முழு வயரிங் செலவில் சிறு பங்கு. அதையே பூசிய பிறகு செய்ய நினைத்தால், சுவரை உடைத்து, மறுபடி பூசி, வர்ணம் அடித்துத் தீர வேண்டும். வயர்மேன், “இன்னொரு குழாய் வேணும், அண்ணாச்சி” என்று கேட்டால் முகம் சுளிக்காமல் வாங்கிக் கொடுங்கள். அவர் கேட்காவிட்டால், நீங்களே கேளுங்கள்.